அடுப்பில்லாத அறையில் மத்தியானச் சாப்பாடு

உ

தேவகோட்டை
கார்த்திகை மாதம்

அன்புள்ள மகளுக்கு ஆத்தா எழுதுவது.

இங்கே உன்னைப் பெற்ற அப்பச்சியும் நானும் நலம். நாலு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வளவு முற்றத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கிறது. உனக்குப் பிடித்த சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை போனில், மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பிஸ்கட் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். என் மனது அந்த பிஸ்கட்டிலேயே நின்றுவிட்டது. நீ அதற்கப்புறம் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. போனில் புத்தி சொன்னால் "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்பாய், வைத்தவுடன் மறந்துபோகும். எழுதினால் அந்தச் சின்ன ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கலாம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆனி மாதம் உன்னோடு பாரிஸில் மூன்று வாரம் இருந்தேனே, முதல் நாள் லிஃப்ட் இல்லாமல் ஆறு மாடி ஏறி உன் அறையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்குத் தெரியாமல் முகம் கழுவிக்கொண்டேன். ஒன்பது சதுர மீட்டர். நம் வீட்டில் ஊறுகாய் ஜாடி வைக்கிற அறை அதைவிடப் பெரிது. அந்தக் காலத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்கள் தங்குவதற்காகக் கூரைக்கு அடியில் கட்டிய அறைகள் என்று நீ சொன்னாய். ஒரு கெட்டில், ஒரு குட்டி ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். அடுப்பு வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பு வேறு. இதில் என் பிள்ளை எப்படிச் சாப்பிடுவாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நீ வேலைக்குப் போனபின் தனியாக உட்கார்ந்து நான் கொண்டுவந்த பொட்டலங்களைப் பிரித்தேன். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி, மிளகும் சோம்பும் வறுத்துப் பொடித்தது. அப்போதுதான் தோன்றியது, வறுக்க வேண்டியது, இடிக்க வேண்டியது, காயவைக்க வேண்டியது எல்லாம் இங்கே நம் அடுப்படியிலேயே முடிந்துவிட்டதே, உன் அறையில் பாக்கி இருப்பது கலப்பதும் சுருட்டுவதும் மட்டும்தானே என்று. அந்த ஊரில் ரொட்டியும், சப்பாத்தி மாதிரி இருக்கிற கோதுமை டார்ட்டில்லாவும் சுட்டதாகவே கிடைக்கின்றன. கொண்டைக்கடலை வேகவைத்து டப்பாவில் வருகிறது. அடுப்பில்லை என்பதற்காக நீ பட்டினி கிடக்கக் காரணமே இல்லை ஆத்தா.

நான் அங்கே இருந்தபோது பத்துப் பதினைந்து தடவை செய்து பார்த்தேன். முதல் ரோல் நினைவிருக்கிறதா? தக்காளி, வெள்ளரிக்காய், தயிர் எல்லாம் தாராளமாக வைத்துச் சுருட்டிக் கொடுத்தேன். மத்தியானம் நீ பிரித்தபோது அடியில் சொதசொதவென்று பிய்ந்து போயிருந்தது, பாதியைக் குப்பையில் போட்டாய். அன்றைக்கு எனக்கு என் பாட்டி, எங்கள் ஆயா ஞாபகம் வந்தது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடி கிளம்பிப் பழனிக்கு நடக்கும்போது ஆயா கட்டுச்சோறு கட்டுவார்கள். புளிச்சோற்றைச் சூட்டோடு கட்ட விடவே மாட்டார்கள். இலையில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டுப் பிசிறி, நன்றாக ஆறினபின்தான் கட்டு. "சூட்டோட கட்டினா வேர்த்துப் போகும்டி" என்பார்கள். ரயிலுக்கு இட்லி கட்டும்போதும் அதேதான். எண்ணெயில் குழைத்த பொடியை இட்லி முழுக்கப் பூசினால் அது காய்ந்தும் போகாது, நசநசத்தும் போகாது.

ரோலுக்கும் அதே கணக்குதான். ரொட்டியில் தண்ணீர் நேராகப் படக் கூடாது. முதலில் ரொட்டி மேல் வெண்ணெயோ, மெதுவான பாலாடைக்கட்டியோ மெல்லிசாகப் பூசிவிடு, ஓரம் வரைக்கும். அந்தக் கொழுப்பு ஈரத்தைத் தடுத்து நிறுத்தும். அதன் மேல் ஒரு லெட்டூஸ் இலை, ஈரம் போகத் துடைத்தது. இலைக்கு மேல்தான் மற்றதெல்லாம். வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கிற விதைச் சதையை ஸ்பூனால் வழித்து எறிந்துவிடு. துருவி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் வைத்துப் பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று நீயே பார்ப்பாய். தக்காளியையும் விதை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். கேரட்டில் இந்தத் தொல்லையே கிடையாது, துருவி அப்படியே போடலாம்.

உனக்கு மிகவும் பிடித்தது தயிர்ப்பொடி ரோல். இங்கே என்றால் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். அங்கே ஃப்ரோமாஜ் பிளான் என்று கெட்டித் தயிர் மாதிரி ஒன்று விற்கிறார்களே, அதுவே போதும், மேலே தண்ணீர் நின்றால் வடித்துவிடு. நாலு ஸ்பூனுக்கு ஒன்றரை ஸ்பூன் பருப்புப் பொடி. கலந்து ஐந்து நிமிஷம் விட்டுவிடு, பொடி ஈரத்தை இழுத்துக்கொண்டு பூசுகிற பதத்துக்கு வரும். அதோடு கேரட், பிழிந்த வெள்ளரி, கொஞ்சம் மல்லித்தழை. லா சப்பல் பக்கம் நம் இலங்கைத் தமிழர் கடைகளில் மல்லி, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் எல்லாம் கிடைக்கிறது, நாம் இரண்டு பேரும் போய் வந்தோமே. அங்கே ஒரு அம்மா மல்லிக்கட்டோடு நாலு பச்சைமிளகாயைச் சும்மா போட்டுக் கொடுத்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வயிறு நிறைய வேண்டுமென்றால் கொண்டைக்கடலைதான். 400 கிராம் டப்பா ஒன்றை வடித்தால் ஏறக்குறைய 240 கிராம் கடலை தேறும், நாலு ரோலுக்கு வரும். வடித்த கடலையை நல்ல தண்ணீரில் அலசு, டப்பா உப்பு குறையும். முள்கரண்டியால் ஒன்றிரண்டாக மசித்து, எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், பொடியாக நறுக்கின வெங்காயம், நான் கொடுத்த மிளகு சோம்புப் பொடி அரை ஸ்பூன். கூழாக மசிக்காதே, பல்லுக்குக் கொஞ்சம் கடிபட வேண்டும். மிச்சத்தைத் திறந்த டப்பாவிலேயே வைக்காமல் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வை, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடு. மீன் வேண்டுமென்றால் டப்பா டூனாவிலும் இதே மாதிரி செய்யலாம். எண்ணெயையோ தண்ணீரையோ நன்றாகப் பிழிந்துவிடு, மிளகு ஒரு பங்கு கூடப் போடு.

சுருட்டும்போதுதான் நீ அவசரப்படுகிறாய். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டார்ட்டில்லாவை உடனே மடித்தால் விரிசல் விடும். இருபது நிமிஷம் வெளியே வைத்திரு, அதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம். உள்ளே வைப்பதை நடுவுக்குக் கொஞ்சம் கீழே, உன் பக்கமாக வை. சுற்றிலும் இரண்டு விரல் அகலம் சும்மா விடு. முதலில் இடது வலது ஓரங்களை உள்ளே மடி, அப்புறம் கீழ் ஓரத்தைத் தூக்கி உள்ளே இருப்பதை இறுக்கி அணைத்து உருட்டு. பாய் சுருட்டுகிற மாதிரி. முடிகிற ஓரம் அடியில் வரும்படி வைத்து, பட்டர் பேப்பரில் சுற்று. அலுமினியத் தாள் வேண்டாம், எலுமிச்சையும் ஊறுகாயும் பட்டால் அந்தப் புளிப்பு அதை அரிக்கும். அளவுக்கு மீறி நிரப்பாதே. ஒன்றை வெடிக்க வெடிக்கச் சுருட்டுவதைவிட ஒழுங்காக இரண்டு செய்துகொண்டு போ.

நான் கொடுத்த தேன்குழல் இன்னும் இருந்தால் ஒரு சின்னப் பையில் நொறுக்கித் தனியாக எடுத்துப் போய், சாப்பிடுகிற நேரத்தில் தூவிக்கொள். முன்னாலேயே போட்டால் நமத்துப்போகும். மோர்மிளகாயும் அப்படித்தான். வறுத்து அனுப்பினேன், பாட்டிலை இறுக்கி மூடி வைத்திருக்கிறாயா?

இன்னொன்று சொல்ல வேண்டும், இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் அய்யா, அதாவது என் தாத்தா, உனக்குப் பாட்டையா, வியட்நாமில் இருக்கிற சைகோனுக்குக் கொண்டுவிற்க, வியாபாரத்துக்குப் போனவர். நம் ஊர்க்காரர்கள் அங்கே தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் சின்ன வயதில் அய்யா கதை சொல்லும்போது, அந்த ஊர் ஆட்கள் அரிசியில் செய்த கண்ணாடி மாதிரித் தாளைத் தண்ணீரில் நனைத்து, அதற்குள் தழையும் இறாலும் வைத்துச் சுருட்டித் தின்பார்கள் என்பார். தாளைத் தின்பார்களா என்று நாங்கள் நம்பவே இல்லை. பாரிஸில் பதின்மூன்றாம் வட்டாரத்துக் கடையில் நீ அதை எடுத்துக் காட்டினாய் பார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அய்யா பொய் சொல்லவில்லை.

அந்த அரிசித் தாளுக்கும் அடுப்பு தேவையில்லை. 22 சென்டிமீட்டர் வட்டமாக இருக்கிறதே, அதை வாங்கு. அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, சில நொடி முக்கி எடு. கையில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், நிரப்புவதற்குள் அதுவே இளகிவிடும். முழுக்க இளகும் வரை ஊறவிட்டால் கிழியும். ஈரத்துணி மேல் விரித்து, புதினா, மல்லி, கேரட், வெள்ளரி, கெட்டில் வெந்நீரில் ஊறின அரிசிச் சேமியா. இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள், தொட்டுக்கொள்ள அது போதும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், நடுவில் லெட்டூஸ் இலை வைத்து அடுக்கு. ஆனால் இது முதல் நாள் ராத்திரி செய்து வைக்கிற வேலைக்கு ஆகாது. ஃபிரிட்ஜில் விறைத்துப் போகிறது, நான் பார்த்துவிட்டேன். காலையில் நேரம் இருக்கிற அன்றைக்குச் செய். டார்ட்டில்லா ரோல் என்றால் ராத்திரியே சுருட்டி வைக்கலாம், தக்காளி மட்டும் போடாதே.

கெடாமல் பார்த்துக்கொள்வதில் மட்டும் அசட்டையாக இருக்காதே. தயிர், பன்னீர், மீன் இருக்கிற எதையும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குளிர்காலம்தானே என்று நினைப்பாய். வெளியே குளிர், ஆனால் உன் ஆபீஸில் ஹீட்டர் எரிகிறது. போய்ச் சேர்ந்தவுடன் அங்கே இருக்கிற ஃபிரிட்ஜில் வைத்துவிடு. வழிக்கு, ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலை முக்கால்வாசி நிரப்பி ராத்திரியே உறையவைத்து, சாப்பாட்டுப் பையில் ரோலோடு வை.

தினமும் இதையே சாப்பிடு என்று சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேரட் துருவி, கடலை மசித்து வைத்துக்கொண்டால் திங்கள் செவ்வாய் ஓடிவிடும். நீ மெலிந்து போய்விட்டாய் என்று அப்பச்சி வீடியோவில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து முகப்புக்குப் போய்விட்டார்கள். அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள், நான் சொல்லிவிட்டேன்.

பிள்ளையார் நோன்பு மார்கழியில் வருகிறது. இந்த வருஷம் மாவில் திரி வைத்து ஏற்றின இழையைச் சுடரோடு எடுத்துக்கொள்ள நீ இங்கே இருக்கமாட்டாய், அந்த வருத்தம் எனக்கு இருக்கத்தான் இருக்கிறது. நோன்பு முடிந்ததும் நம் பங்காளி வீட்டுப் பிள்ளை ஒருவர் பாரிஸ் வருகிறார். எந்தப் பொடி எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பார்த்துச் சொல், வெயில் அடித்தவுடன் பருப்பைக் காயவைக்க வேண்டும். நெய் கேட்காதே, பால் சம்பந்தப்பட்ட எதையும் அந்த நாட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த மறுநாள் தயிர்ப்பொடி ரோல் செய். உனக்கு மத்தியானம் ஒரு மணி ஆகும்போது இங்கே சாயங்காலம் ஐந்தரை, விளக்கேற்றுவதற்கு முன்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாப்பிடுவதற்கு முன்னால் நடுவில் வெட்டி ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்
ஆத்தா