சுவடிக்கு இருட்டு, வாசகருக்கு வெளிச்சம்

தருமபுரி,
மாசி மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் இங்கே இருவருக்கும் நிம்மதி. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, புளிதான். தோட்டத்து மூன்று மரமும் இந்த வருடம் போட்டி போட்டுக் காய்த்துவிட்டன. உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கி முடிப்பதற்குள் உன் தங்கைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

கூடவே வேறொரு வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. சந்தைத் திடலோரம் பழைய தானியக் கிடங்கு இருக்கிறதே, அதன் திண்ணையில்தானே நாம் கோலி ஆடினோம்? அதை நூலகமும் அருங்காட்சியகமுமாக மாற்ற ஊரில் ஒரு குழு கூடியிருக்கிறது. முப்பது வருடம் நூலகராக இருந்தவன் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முன் கூடம் முழுவதும் அருங்காட்சியகம், பின்னறையில் நூலகம் என்று வரைபடம் போட்டு வந்தார்கள். நான் மாற்றச் சொன்னேன். அருங்காட்சியகத்துக்கு ஊர்க்காரன் ஒருமுறை வருவான், விருந்தாளி வந்தால் மறுமுறை வருவான். செய்தித்தாள் படிக்க வருகிறவன் தினமும் வருவான். அவன் போகிற வழியில் பொருள்களை வைத்தால்தான் அவை கண்ணில் படும். வருமானமும் அந்தப் பக்கம்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. அருங்காட்சியகத்துக்கு அப்படி ஒரு காசும் கிடையாது. நூலகத்தின் தோளில் அது ஏறிக்கொள்ளட்டும் என்றேன்.

ஆனால் இரண்டும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருக்குமா என்பதுதான் எனக்கே சந்தேகம். அதியமான் ஆண்ட தகடூர்தானே நம் தருமபுரி, தகடூர்க்காரன் ஔவையை இழுக்காமல் பேச முடியுமா? எதிரி மன்னன் தொண்டைமானின் வேல்கள் பீலி சூடி, நெய் பூசிக் காவல் மனையில் பளபளக்கின்றன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடினாளே, அந்த வழக்குதான் இது. அட்டை கிழிந்து, பக்கம் தளர்ந்து, தையலுக்குப் போகிற புத்தகம்தான் என் கணக்கில் நல்ல புத்தகம். அருங்காட்சியகமோ எதையும் தேயவிடக் கூடாது. வெளிச்சத்தையே எடுத்துக்கொள். வெளிச்சத்தை லக்ஸ் என்று அளக்கிறார்கள், படிக்கும் மேசைக்கு 300 லக்ஸாவது வேண்டும். ஓலைச்சுவடிக்கும் பழைய காகிதத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் ஆகாது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கு மட்டும் எந்தப் பேதமும் இல்லை, சுவடியானாலும் வார இதழானாலும் அதற்கு விருந்துதான். அதனால் ஜன்னல் இல்லாத அந்த உள்ளறையைச் சுவடிகளுக்குக் கேட்டிருக்கிறேன்.

பெரிய தகராறு நடுகல்லால் வந்தது. ஏரிக்கரையில் வேடியப்பன் என்று கும்பிடுகிற வீரனின் நடுகல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துவோம் என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கல்லுக்கு இன்றும் பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். கும்பிடுகிறவர்கள் இருக்கும்போது அதைப் பெயர்த்து வந்து எண் ஒட்டினால் என்ன நியாயம்? நூறாண்டு கடந்த சிற்பங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன என்பதையும் எடுத்துச் சொன்னேன். நடுகல் பார்க்க வேண்டுமென்றால் தருமபுரி அரசு அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. நாம் கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி மைப்படி எடுத்து மாட்டுவோம், எந்தக் கல் எந்தக் கரையில் நிற்கிறது என்று ஒரு வரைபடம் வைப்போம், பார்க்கிறவன் அங்கே நடந்து போகட்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறைக்கும் இதே வழிதான். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, அந்தச் செய்தியும் படமும் போதும்.

அப்படியானால் நாம் எதைச் சேர்ப்பது? தானியம் அளந்த படி, மரக்கால், கூத்துக் கிரீடம், பட்டுக்கூடு வளர்த்த மூங்கில் தட்டு, மாடு கட்டிக் கிணற்று நீர் இறைத்த கவலையின் சால். போன வாரம் ஒரு பையனிடம், “உன் கொள்ளுத்தாத்தா கவலை ஓட்டியவர்” என்றேன். “பாவம், அவருக்கு என்ன கவலை?” என்று கேட்டான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சால் வந்தால் வடம், உருளை, அதை இழுத்த மாடு, இறங்கிய சரிவு எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி வைக்க வேண்டும், ஓட்டிய கிழவர்கள் இருவர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே. எந்தக் குக்கிராமம், யார் வீடு, யார் கொடுத்தது என்பதைப் புத்தக இருப்புப் பதிவேடு போலவே வரிசை எண்ணிட்டு எழுதப் போகிறேன். தானமா இரவலா என்று கையெழுத்து வாங்காமல் ஒரு படியைக்கூட உள்ளே விடமாட்டேன். பேரன் வந்து திருப்பிக் கேட்பான்.

இனி, கட்டடம் தெரிந்த உன் வேலை. கிடங்கின் மாடி மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம். புத்தக அலமாரிகளை மேலே ஏற்றிவிடலாம் என்கிறார்கள். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கினால் போதும், நூல் அடுக்குக்கு 600 கிலோ கணக்கிட வேண்டும் என்று நீதான் முன்பு ஒருமுறை சொன்னாய். உத்திரத்தின் ஒரு முனையில் கரையான் மண் பார்த்தேன். சாவியால் குத்தினேன், சாவி உள்ளே போய்விட்டது. குழுவில் இதை இன்னும் சொல்லவில்லை. நீ பார்த்துச் சொன்னால்தான் கேட்பார்கள்.

பங்குனி பிறப்பதற்குள் ஒரு நடை வந்து போ. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, நான் முன்னால் ஏறுகிறேன், என் தோளைப் பிடித்துக்கொள். உனக்கு எடுத்து வைத்த இரண்டு கிலோ புளியை அஞ்சலில் அனுப்பப் போவதில்லை.

அன்புடன்,
உன் மூன்றாம் பெஞ்சுக்காரன்