வாளி கொடுத்த அத்தைக்கு

தம்பி நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டான். மாடிப்படி ஏறினான், நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. அம்மா கீழே நின்று வாய்க்குள் படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும்: தம்பிக்கு ஒரு பக்க நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று கசிந்து, அது சுருங்கிப்போய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். ராத்திரி பகல் பார்க்காமல் போன் போட்டு விசாரித்தவர்கள் நீங்கள்தான். நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன், அதிலும் முக்கியமாக ஒருவருக்கு. அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. மகளிடம் அனுப்பி, வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

தம்பியின் விலாவில் போட்ட குழாய் கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டிலில் போய் முடிந்தது. பாட்டிலில் தண்ணீர், அதற்குள் குழாயின் நுனி. நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த காற்று அதன் வழியாகக் குமிழ் குமிழாக வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. அவ்வளவுதான் ஏற்பாடு. நர்ஸ் அக்கா இரண்டு விஷயம் சொன்னார்: பாட்டில் சாயக் கூடாது, அவன் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கவும் கூடாது. சாய்ந்து நுனி தண்ணீரை விட்டு வெளியே வந்தால் காற்று திரும்பப் புகுந்துவிடும். தூக்கினால் தண்ணீரே நெஞ்சுக்குள் போகும். அந்த வார்டிலோ கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். டிராலி வரும், சாப்பாட்டு வண்டி வரும், பார்க்க வருகிற கூட்டம் வரும். யார் கால் படுமோ என்று அம்மா பாட்டிலை இரண்டு கையாலும் அணைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடவும் எழவில்லை, கண்ணும் மூடவில்லை.

பக்கத்துக் கட்டில் மாமாவுக்கு ரொம்ப நாளாக இளைப்பு. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை உசிலம்பட்டிப் பக்கம். முதல்நாள் ராத்திரி பத்து மணி இருக்கும். எங்களிடம் ஒரு வார்த்தை பேசியிருக்காதவர் எழுந்து வந்தார். கையில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. மாமாவுக்கு உடம்பு துடைக்க வெந்நீர் பிடிக்கிற வாளி, அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான். நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, பாட்டிலை நேராக வாளிக்குள் இறக்கினார். சுற்றிலும் பழைய சேலையைச் சுருட்டித் திணித்தார். வாளியின் பிடியைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினார். "இனி ஆனை மோதுனாலும் சாயாது மதினி. நீ படு. நான் எப்படியும் இந்த மனுசனுக்காக முழிச்சுத்தான் கெடப்பேன், உம்பிள்ளையையும் பாத்துக்கிடுறேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அம்மா தூங்கினாள்.

அடுத்த நாள்கள் முழுக்க மாமாவுக்கு வெந்நீர் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியில்தான் வந்தது. வாளியைத் திருப்பித் தருகிறோம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. தம்பி இருமும்போதெல்லாம் அத்தை குனிந்து பார்ப்பார். மூன்றாம் நாள் காலையில், "தண்ணியில முட்டை வரலையே தாயி, நல்லதா கெட்டதா?" என்று கேட்டது அவர்தான். நல்லதுதான், ஓட்டை அடைந்திருக்கும், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும், எங்களுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டதும் அவர்தான். ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

108 வண்டியில் வந்த தம்பிகள், அவனைப் படுக்க விடாமல் நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்தபடியே கூட்டிவந்தவர்கள். படத்தில் ஒரு பக்கம் கறுப்பாக இருந்ததைப் பார்த்ததும் வரிசையை விலக்கிக்கொண்டு டாக்டரிடம் தானே ஓடிய எக்ஸ்ரே அண்ணன். முறை வைத்துக் காவல் இருந்த விடுதி நண்பர்கள். பணம் என்று வாய் திறக்குமுன் அனுப்பிவிட்ட சித்தப்பா. லீவுக்குக் காரணமே கேட்காத என் மேலாளர். உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பாதிதான். தம்பி முதலில் போன் செய்தது எனக்கு. "அக்கா, வலது பக்கம் சுருக்குனு புடிச்சுச்சு, மூச்சை இழுத்தா குத்துது" என்றான். பரீட்சை பயம், நன்றாகத் தூங்கு என்றேன். அம்மா ஓமத்தண்ணீர் குடிக்கச் சொன்னாள். விடுதிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வாயுப் பிடிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் அப்படியே போனது. இருபத்தொரு வயதுப் பையனுக்கு நெஞ்சில் என்ன வந்துவிடப் போகிறது என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. இந்த வயதில் நெஞ்சு இறுக்கம் என்று வருகிறவர்களில் பலருக்குத் தசைப்பிடிப்பு, நெஞ்செரிச்சல், பதற்றம் இவைதான் இருக்கும் என்றார். சிலருக்கு ஆஸ்துமா, ரத்தசோகை இருக்கும் பெண்களுக்குப் படியேறினாலே மூச்சு வாங்கும். அபூர்வமாக வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசை வீங்கும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைக்கும். தம்பியைப் போல உயரமாக, ஒல்லியாக இருக்கும் பையன்களுக்கு நுரையீரல் உச்சியில் இருக்கிற சின்னக் கொப்புளம் ஒன்று உடைந்து, காற்று கசிந்து, நுரையீரலே சுருங்கிவிடலாம். ஓடவோ பாரம் தூக்கவோ தேவையில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நடக்கும். சிகரெட் இருந்தால் ஆபத்து பல மடங்கு. அவன் அம்மா முன்னாலேயே "ஆமா சார், பிடிப்பேன்" என்றான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள், வேறு எதுவும் கேட்கவில்லை. மறுபடி வர வாய்ப்பு உண்டு என்பதால் இனி தொடவே மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். நான் நம்புகிறேன்.

என் பங்குக்கு நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் யார் நெஞ்சைப் பிடித்தாலும், பயம் என்றோ வாயு என்றோ இனி நான் பெயர் வைக்க மாட்டேன். திடீரென்று வந்ததா, ஒரு பக்கமா, பேசும்போது மூச்சு முட்டுகிறதா, மயக்கம் வருகிறதா என்று கேட்பேன். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அந்த நிமிடமே கூட்டிப்போவேன். ஸ்டெதஸ்கோப்பை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

அத்தை, நாங்கள் கிளம்பும்போது புது வாளி ஒன்று வாங்கிவந்து உங்கள் கட்டிலடியில் வைத்தோம். எங்களுக்கு எதுக்கு ரெண்டு என்று பழையதை நர்ஸ் அக்காவிடம் கொடுத்துவிட்டீர்கள், அடுத்துப் பாட்டிலோடு வருகிற பிள்ளைக்கு ஆகும் என்று. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருகிறோம். மாமாவுக்கு இட்லியும் உறைப்பில்லாத சட்னியும் அம்மா கொண்டுவருவாள். உங்களுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு தனியாக. அன்றைக்கு ராத்திரி நான் மாமா பக்கத்தில் முழித்திருக்கிறேன். நீங்கள் படுங்கள்.