மன உறுதிக்குச் சாய்தளம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடிநாள் சிறப்புப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ‘மன உறுதி ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது’ என்று அதில் ஒரு வரி. அதை எழுதிய நிருபர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டவர்தான். நான் சொன்ன மற்றதெல்லாம் எங்கே போயிற்று?

2002இல், பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்த ஆபரேஷன் பராக்கிரம் காலத்தில், ராஜஸ்தான் எல்லையில் நம்மவர்கள் புதைத்த கண்ணிவெடியிலேயே இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். புனேயில் 1944 முதல் இயங்கும் ராணுவச் செயற்கை உறுப்பு மையத்தைத் தாங்கள் அறியாதவரல்லர். அங்கே இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி நடக்கப் பழக்கினார்கள். மிஞ்சிய கால் நாளாக ஆகச் சூம்பும், அதைச் செருகும் செயற்கைக் காலின் குழி, சாக்கெட், தொளதொளக்கும். பருத்தி உறையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிச் சமாளிக்க வேண்டும். சித்திரை வெயிலில் உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே மதுரை ஆரப்பாளையம் வந்து இறங்கினால் அந்த உறையைப் பிழியலாம். தோல் கிழிந்துவிட்டால் ஆறும்வரை ஊன்றுகோல்தான். மருந்து போட்டது மன உறுதி இல்லை ஐயா, என் மனைவி.

பி.எட். முடித்து வேலை கேட்டுப் போன ஒரு பள்ளியில், கரும்பலகை முன் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்றார்கள். கணக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இன்னொரு பள்ளியில் ராணுவத்துக்காரர் என்றதும் உடற்கல்வி ஆசிரியராக வருகிறீர்களா என்றார்கள். பேண்டைத் தூக்கிக் காட்ட வேண்டியதாயிற்று.

1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972 பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். அர்ஜுனா விருது அவர் கைக்கு வந்தது 2025இல். அவருக்கு இல்லாத மன உறுதியா? அவருக்கும் நீந்த ஒரு குளம் வேண்டியிருந்தது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். அவன் உதவித்தொகை மனுவுக்காக எங்கள் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தோம். சாய்தளம் உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டுதல். வாசல் உயரம் ஒன்றரை அடி. பதினெட்டு அடி வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை மனக்கணக்காகச் சொல்லிவிடும். கட்டியிருப்பது ஆறடி. அதன்மேல் ஊழியர்களின் இருசக்கர வாகனங்கள் வேறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 2017இல் விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் சரிசெய்திருக்க வேண்டும் என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னேன். அவர் மேசையிலிருந்த தங்கள் நாளிதழைப் பிரித்துக் காட்டி, ‘ஒற்றைக் காலோடு நீங்களே படியேறி வந்துவிட்டீர்களே சார், அந்தத் தம்பிக்கும் கொஞ்சம் மன உறுதியைச் சொல்லிக்கொடுங்கள்’ என்றார். பையனை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, கையெழுத்திட்ட ரசீதும் வைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும்.

தங்கள் மதுரைப் பக்கத்தில் அந்தச் சாய்தளக் கணக்கை நான்கு வரியில் போட்டால் போதும். அதே இடத்தில் இன்னொரு வரியும் சேர்த்துவிடுங்கள்: பொன்னாடை போர்த்த வருவதாகப் பள்ளிக்குத் தொலைபேசியில் கூப்பிடும் அன்பர்கள் தயவுசெய்து வர வேண்டாம், அரையாண்டுத் தேர்வு நடக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார், கணித ஆசிரியர்,
உசிலம்பட்டி.