சில்லி என்று சொன்னாயே

அன்பு மகளே,

ஞாயிற்றுக்கிழமை போனில் ரயிலைத் தவறவிட்ட கதையைச் சொல்லிவிட்டு, "நான் ஒரு சில்லிப்பா" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்தியவன், 'அசடு' என்று பொருள்படும் அந்த இங்கிலீஷ் சொல்லின் கதையைப் பெற்ற பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் 'சேல்' என்றால் நல்ல நேரம், சந்தோஷம். நல்ல நேரம் வாய்த்தவரை 'சேலி' மாதிரி ஒலித்த ஒரு சொல்லால் சொன்னார்கள். ஆசீர்வதிக்கப்பட்டவர் என்று பொருள். அது பிறகு 'சீலி' ஆனது. கடவுளின் அருள் பெற்றவர் கபடம் அறியாதவர் என்று எண்ணி, கள்ளமில்லாதவரை எல்லாம் 'சீலி' என்றார்கள். கள்ளமில்லாதவர்தானே ஏமாறுவார்? அதனால் சொல்லில் இரக்கம் கலந்தது. 14-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷ் கவிஞர் சாசர், தன் கதை ஒன்றில் மனைவியிடம் ஏமாந்துபோகும் தச்சனை மறுபடி மறுபடி 'சீலி' என்றே அழைக்கிறார். நாம் "பாவம் மனுஷன்" என்போமே, கிட்டத்தட்ட அந்தத் தொனி.

நாம் 'பாவம்' என்பதோடு நின்றோம். அவர்களுடைய இரக்கம் மெல்ல மெல்ல ஏளனமாகிவிட்டது. திக்கற்றவர், பலவீனர் என்று இறங்கி, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புத்தியில்லாதவர் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. இதற்குள் உயிரெழுத்தும் குறுகி 'சில்லி' ஆகியிருந்தது. 'சீலி' வழக்கொழிந்தது. சீலி என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் மட்டும் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆனால் நீ இருக்கும் ஜெர்மனியில் அதன் உடன்பிறப்பு கெடாமல் இருக்கிறது, பாப்பா. நம் வேதத்தில் இயேசுவின் மலைப்பிரசங்கத்தை எடுத்துப் பார். "ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்று வரும். அந்தப் 'பாக்கியவான்கள்' இருக்கும் இடத்தில், வேதத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்த லூத்தர் 1522-இல் போட்ட சொல் 'ஸேலிக்'. வசனத்துக்கு வசனம் அதுதான் முதல் சொல். நீ உன்னைத் திட்டிக்கொண்ட சொல்லும் அதுவும் ஒரே வேரில் முளைத்தவை. எனக்கு இதை நினைத்தால் கண் கலங்குகிறது.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன். அப்புறம், அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லிக் கேள். வடக்கே 'ஸேலிஹ்' என்கிறார்களாம், தெற்கே 'ஸேலிக்' என்கிறார்களாம். உங்கள் ஊரில் எப்படி என்று போனில் சொல்.

அன்புடன்,
அப்பா