மரண உதவிச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணன் அவர்களே, செயற்குழுவினரே, அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

அறிக்கை மூன்று வாரம் தாமதம். குற்றம் என்னுடையது. பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் மலேசிய சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம் போக வேண்டும் என்று தலைவர் இரண்டு தடவை போன் செய்தார். மூன்றாம் தடவை மோட்டாரில் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்த் தானே தேத்தண்ணி கலக்கினார், எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தார், குடித்துவிட்டுப் போனார். அன்று ராத்திரிதான் எழுத உட்கார்ந்தேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஒரு முறை ஆள் சேராமல் கலைந்தது. தீபாவளிக்கு முந்தின வாரத்தில் தேதி வைத்தால் யார் வருவார்கள்? வைத்தது நான்தான். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்காக ஒரு பழைய கதை. தோட்டத்தில் சாவு விழுந்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் சொல்வார்கள், ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள், பெட்டிக்குப் பணம் சேரும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் தோட்டங்கள் கைமாறி ஆட்கள் சிதறியபோது அந்தப் பழக்கமும் சிதறியது. அதை டவுனில் மறுபடி பிடித்து வைத்ததுதான் இந்தச் சங்கம். அமைச்சராக இருந்த, நம் சுங்கை சிப்புட் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி பணம் கட்டச் சொன்னார். "அவர் சேர்த்தது தோட்டம் வாங்க, நாம் சேர்ப்பது ஆறடிக்கு" என்று நமது முன்னாள் தலைவர் சொல்லிச் சிரிப்பார். இந்து, கிறிஸ்தவர் என்று பிரிக்காமல் ஒரே புத்தகத்தில் பெயர் எழுதியது அந்த முன்னாள் தலைவர் காலத்தில்தான்.

மே மாதம் பழைய தோட்டத்து இடுகாட்டில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை, நடந்தது. செம்பனைக்கு நடுவே இருப்பதால் கேட் சாவி வாங்கவே அரை நாள் போயிற்று. 1948 ஜூன் 16-இல் நம் ஊர்ப் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களின் கல்லறை பத்து காஜா என்ற ஊரில் இருக்கிறது. அங்கே கல் உண்டு, பெயர் உண்டு, ஜூன் மாதம் நினைவு நிகழ்ச்சியும் உண்டு. அதே காலத்தில் செத்த நம் ரப்பர் பால்வெட்டுக்காரர்களின் குழி எங்கே என்று நாங்கள் கம்பியால் குத்திப் பார்த்தோம். கிடைத்த இடங்களில் வெள்ளையடித்த கல் நட்டிருக்கிறோம். பெயர் எழுத யாருக்கும் பெயர் தெரியவில்லை.

இனி மரணங்கள். இந்த ஆண்டு ஆறு பேர். நான்கு இந்துக் குடும்பங்கள், இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள். ஆறுக்கும் உதவித்தொகை அதே நாளில் கொடுக்கப்பட்டது. நான்காவது பெயர் என் மனைவியுடையது.

விடியற்காலையில், வீட்டில். அப்போதைய முறைப்படி, வீட்டில் உயிர் போனால் முதலில் போலீஸ் நிலையத்தில் சொல்லி, அடக்கத்துக்கு அனுமதிப் பத்திரம் வாங்க வேண்டும். இறந்தவரின் அடையாள அட்டை, தகவல் சொல்பவரின் அட்டை இரண்டும் கையில் இருக்க வேண்டும். இதை வருஷா வருஷம் இந்த மேடையில் சொல்பவன் நான். எத்தனையோ பேரை நானே கூட்டிப் போய் அந்தப் பலகையில் உட்கார வைத்திருக்கிறேன். அன்று நான் உட்கார்ந்தேன். அவள் அட்டை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. துணைத் தலைவர் வீட்டுக்கு ஓடி, பீரோவெல்லாம் தேடி, கடைசியில் சந்தாப் பையில் இருந்து எடுத்து வந்தார். சாயந்திரம் சந்தா வாங்கப் போகும்போது அதையும் பையில் போட்டுக்கொண்டுதான் போவாள்.

உதவித்தொகை ரசீதில் கொடுப்பவர் இடத்தில் செயலாளர் கையெழுத்து, பெறுபவர் இடத்தில் வாரிசு கையெழுத்து. "பாஸ்டர், ஒன்றை நான் போடட்டுமா?" என்று பொருளாளர் கேட்டார். விதியில் இடமில்லை. இரண்டையும் நானே போட்டேன். இரண்டும் ஒன்று போல இல்லையே என்று தணிக்கையாளர் கேட்டால், காரணம் இதுதான்.

நான் பாஸ்டராக இருக்கும் சபையின் விஷயம் சங்க அறிக்கையில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உங்களில் பலர் வீட்டுச் சாவுக்கு நான் வந்து பேசியிருக்கிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற யோபுவின் வசனத்தைப் பெட்டி மூடும் முன்னே சொல்லிவிடுவேன். அது யோபு தன் வாயால் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னதல்ல. என் வீட்டுக்கு வந்தவர்கள் அதை என்னிடம் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, நாலைந்து பேரோடு பாட்டுக்கூட இல்லாமல் அடக்கம் செய்த குடும்பங்களிடம் போனில் நீளமாக ஜெபித்தேன். இப்போது என்றால் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

உறுமி மேளம் அடிக்கும் நம் உறுப்பினர் ஒருவர், மாரியம்மன் கோயில்காரர், பதினாறு நாளும் ராத்திரி வந்து என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "பசியாறினீங்களா பாஸ்டர்?" அவ்வளவுதான் பேச்சு. சபையில் ஒருவர், பாஸ்டரே அழுதால் சபை என்ன ஆகும் என்றார். அவர் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனையின் இரண்டாம் சரணத்தில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. முன் வரிசைப் பாட்டிமார் நிறுத்தவில்லை. நாலு சரணத்தையும் இழுத்து முடித்தார்கள். முடிந்தபோது பார்த்தால் நான் பீடத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

சந்தா விஷயம். அதன்பின் நான்கு மாதம் வசூல் பாதியாகக் குறைந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, வாங்கவே யாரும் போகவில்லை. பிறகு நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்போதுதான் ஓரங்களைப் பார்த்தேன். பென்சிலில், அவள் எழுத்தில்: "மகனுக்கு வேலை நின்னுடுச்சு." "மருந்து செலவு, அடுத்த மாசம்." "சம்பளம் வந்ததும் அவங்களே தருவாங்க." ஒரு பெயருக்கு நேரே, "கேட்கவேண்டாம்." மூன்று பெயர்களுக்கு எதிரே மாதா மாதம் "கட்டியாச்சு" என்று இருந்தது. கட்டியது யார் என்று பொருளாளரிடம் கேட்டேன், அவர் தரையைப் பார்த்தார். அந்த மூன்று பெயரை இங்கே வாசிக்க மாட்டேன்.

மூன்று மாதம் பாக்கி வைத்தவர்களை நீக்க வேண்டும் என்று போன ஆண்டு தீர்மானம் கொண்டுவந்தவன் நான். அன்று ராத்திரி வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னேன். சோற்றைப் போட்டுவிட்டு அவள் பேசாமல் இருந்தாள். அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன். பதிலாக, யார் பெயரை அடிப்பதாக இருந்தாலும் முதலில் செயற்குழுவில் இருவர் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

சில்லறை விஷயங்கள்: ஊழியர் சேமநிதியில் வாரிசுப் பெயர் போடாதவர்கள் போட்டுவிடுங்கள். நாற்காலிகளில் கால் உடைந்தவை பழுது பார்க்கப்பட்டன. கூடாரத் துணி இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும்.

எங்கள் சபையில் ஆண்டு மாநாட்டில், எந்தப் பாஸ்டர் எந்த ஊருக்கு என்று நியமனங்கள் வாசிப்பார்கள். இந்த ஊரில் எனக்கு இது எட்டாவது ஆண்டு, பெயர் வந்தால் கிளம்ப வேண்டியதுதான். ஆகவே புதிய செயலாளரை இன்றே தேர்ந்தெடுப்பது நல்லது. சந்தா வாங்க இரண்டு அக்காமார் முன்வந்திருக்கிறார்கள், பையை அவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

பழைய சந்தாப் புத்தகம் தணிக்கைக்காகச் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்கிறார் பொருளாளர். சரி. பெயர்களை மறைத்துவிட்டு, ஓரத்தில் பென்சில் எழுத்து உள்ள பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். செலவு என்னுடையது.

இப்படிக்கு,
செயலாளர்