அத்தான் பாத்த அட்லாண்டிக் சிட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா இருக்கியா, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு. நேத்து போன்ல அம்மா அழுததுலருந்து எனக்கு மனசே சரியில்ல, திரும்ப போன் போட்டா நடுவுல அத்தான் பூந்துருவாரு, அதான் உக்காந்து எழுதறேன், நீ அம்மாவுக்கு படிச்சு காட்டு. அத்தான் அந்த போர்ட்வாக் எம்பயர் சீரிஸ் பாத்துட்டு "உங்க மகன் இருக்கற அட்லாண்டிக் சிட்டில தெருவுக்குத் தெரு துப்பாக்கிதான், கள்ளச் சாராயம்தான்"னு சொன்னாராமே. அது 1920கள்ல மதுவிலக்கு இருந்தப்ப நடக்கற கதைக்கா! அதுல வர்ற அந்த போர்ட்வாக், அதான் கடலோர நடைபாதை, அது கூட நான் தினம் நடக்கறது இல்ல, நியூயார்க்ல புரூக்ளின் பக்கம் 300 அடிக்கு செட் போட்டு எடுத்தானுங்க.

அந்த ஹீரோ நிஜமா இருந்த ஆளுதான், பேரு நக்கி ஜான்சன் (தமிழ்ல எழுதவே சங்கடமா இருக்கு, நம்ம ஊர்ல இந்தப் பேர வச்சா பள்ளிக்கூடத்துல உயிரோட விட்டுருப்பானுங்களா). ஊரையே கைக்குள்ள வச்சிருந்த அரசியல்வாதி, ஆனா கடைசியில ஜெயிலுக்குப் போனது கொலைக்கு இல்ல, 1941ல வருமான வரி கேஸ்ல. வெளிய வந்து 85 வயசு வரைக்கும் இருந்து 1968ல படுக்கையில செத்தாரு. சீரிஸ்ல அவருக்கு வேற முடிவு, அத்தான் கடைசி சீசன் இன்னும் பாக்கலேன்னா சொல்லிராத, மனுசன் ஒரு வாரத்துக்கு யாரோடயும் பேசமாட்டாரு.

நடைபாதைன்னா என்ன நினைச்ச, முழுக்க மரப்பலகை, கடலை ஒட்டி மைல் கணக்குல போகுது. முதல்ல 1870ல போட்டிருக்காங்க, பீச்சுக்கு வந்த ஆளுங்க ரயிலு ஹோட்டலு எல்லாத்துக்குள்ளயும் மண்ணை அள்ளிட்டு வந்துருக்காங்க, அத தடுக்கத்தான். முத்துநகர் பீச்சுலருந்து வந்தா வாசல்லயே காலை உதறிட்டு வாங்கடான்னு அம்மா கத்துவாங்கல்ல, அதே பிரச்சினைதான், இவனுங்க அதுக்கு ஒரு ரோடே போட்டுட்டானுங்க.

இன்னொண்ணு சொன்னா நம்பமாட்ட. லீவுல நாம பிசினஸ் கேம் விளையாடுவோமே, நீ பம்பாயை வாங்கி வச்சுக்கிட்டு என்னை அழ வைப்பியே, அதுக்கு தாத்தா மாதிரி இருக்கற அமெரிக்க விளையாட்டு மோனோபோலி. 1935லருந்து விக்கிறாங்க, அதுல இருக்கற தெரு எல்லாம் இந்த ஊரு தெரு! மார்வின் கார்டன்ஸ்னு ஒரு கார்டு மட்டும் பக்கத்து ஊருல இருக்கற இடம், எழுத்துப் பிழையோட அச்சடிச்சு இன்னிக்கும் அதே பிழையோடதான் வருது. செயின்ட் சார்ல்ஸ் பிளேஸ்னு ஒரு தெரு, அத தேடிப் போனா இருக்காது, கேசினோ (சூதாட்ட விடுதி) கட்ட எடுத்துக்கிட்டாங்க. விலை கூடின கார்டு போர்ட்வாக், 400 டாலர். இருக்கறதுலயே மலிவு பால்டிக் அவென்யூவும் அதுக்குப் பக்கத்து கார்டும், 60 டாலர். நான் குடியிருக்கறது அந்த பால்டிக் பக்கத்துலதான். கார்டுல வாடகை 4 டாலர்னு போட்டிருக்கு, நான் குடுக்கற வாடகையச் சொன்னா அம்மாவுக்கு முட்டி வலி கூடிரும்.

அதென்னமோ சினிமாக்காரனுங்க கேமராவத் தூக்கிட்டு வந்தா கடல் பக்கம்தான் நிக்கிறானுங்க. கொஞ்சம் உள்ள தள்ளி நடந்தா பங்காளி மளிகைக் கடை (நம்ம பங்காளி இல்ல, பங்களாதேஷ்காரங்க), சலூன், காலியா கிடக்கற மனை, யூனிபார்மோட பஸ்ஸுக்கு நிக்கற ஜனங்க, இதெல்லாம் எந்தப் படத்துலயும் வராது. வந்தா கடன்ல மாட்டினவன் வருவான், இல்லன்னா கடைசி காசையும் தோத்துட்டு விடியக்காலைல கடலப் பாக்கறவன். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன்னு இங்க நியூஜெர்சி பாட்டுக்காரரு, இந்த ஊரு பேருலயே 1982ல ஒரு பாட்டு, அதுலயும் கடன்ல மாட்டினவன்தான். நல்ல பாட்டு, ராத்திரி கேட்டா ஒரு மாதிரி ஆயிரும், ஆனா டேபிளுக்கு இந்தப் பக்கம் நிக்கற ஆள யாருமே காட்டல, சீட்டு போடற கை மட்டும் ஒரு நொடி வரும், மூஞ்சி வராது.

நான் அந்தக் கைதான்க்கா. என் வேலை என்னன்னு அம்மாவுக்கு இன்னும் சரியா புரியல, புரிய வை. ஒரு மணி நேரம் நின்னா 20 நிமிஷம் பிரேக். சீட்டு ஆடறவங்களுக்கு போட்டு, கணக்குப் பாத்து சிப்ஸ (திங்கறது இல்ல, காசுக்குப் பதிலா வைக்கற வில்லை) எடுக்கணும் குடுக்கணும், அவ்வளவுதான். படத்துல காட்டற மாதிரி காசை கையில வாங்கக் கூடாது, அவங்க டேபிள்ல வைக்கணும், நான் விரிச்சு வச்சு கேமராவுக்கு தெரியற மாதிரி எண்ணணும். டேபிள விட்டுப் போறப்ப ரெண்டு கையும் தட்டி, உள்ளங்கைய விரிச்சு, திருப்பி காட்டிட்டுத்தான் போகணும், எதையும் எடுக்கலன்னு. போன வாரம் வீடியோ கால்ல சாப்பிட்டு எந்திரிக்கறப்ப பழக்கதோஷத்துல அப்படி பண்ணிட்டேன், "யாருக்குடா டாட்டா காட்டற"ன்னு அம்மா கேட்டாங்கல்ல, அதுதான் இது. அப்புறம் முக்கியமா சொல்லு, நான் வேலை பாக்கற இடத்துல நான் ஆட முடியாது, சட்டமே விடாது. மகன் சூதாடறான்னு இனிமே யாராச்சும் சொன்னா இதச் சொல்லச் சொல்லு.

கஷ்டம்னா புகைதான். இந்த மாநிலத்துல 2006லயே ஆபீஸ் ஹோட்டல் எல்லாத்துலயும் சிகரெட்டுக்கு தடை, கேசினோவுக்கு மட்டும் விலக்கு குடுத்துட்டாங்க. என் டேபிள்ல ஒரு கிழவி தினம் வரும், நல்ல பொம்பள, டிப்ஸும் குடுக்கும், ஆனா ஊதறது நேரா என் மூஞ்சிக்குத்தான், நகரவும் முடியாது. சட்டைய ரெண்டு தடவ துவைச்சாலும் நாத்தம் போகாது.

அத்தானுக்கு ஒரு படம் சொல்றேன், அத பாக்கச் சொல்லு. லூயி மால்னு பிரெஞ்சு டைரக்டர் 1980ல இந்த ஊரு பேருலயே எடுத்தது. முதல் கேசினோ தொறந்தது 1978ல, அப்ப பழைய ஹோட்டல எல்லாம் இடிச்சுத் தள்ளிட்டிருந்த நேரம், நிஜ ஊருலயே எடுத்திருக்காரு. அதுல வர்ற பொண்ணு சிப்பிக்கறி விக்கற கடைல வேலை பாத்துக்கிட்டே எங்க வேலைக்கு டிரெய்னிங் போவா. வீட்டுக்கு வந்து மீன் வாடை போக கையெல்லாம் எலுமிச்சம்பழம் தேய்ப்பா. எதிர் வீட்டு கிழவன் அத ஜன்னல் வழியா பாப்பான், படத்தப் பத்தி பேசறவன் எல்லாம் கிழவன் பாக்கறதத்தான் பேசறான். எனக்கு அந்த வாடைதான் தெரிஞ்சுது. நானும் ஒருநாள் எலுமிச்சம்பழம் தேய்ச்சுப் பாத்தேன், சிகரெட்டுக்கு கேக்கல.

அந்தப் படத்துல இடிஞ்சது பழைய ஹோட்டலு, 2014ல ஒரே வருஷத்துல 4 கேசினோ மூடிட்டாங்க, அதுல ஒண்ணு டிரம்ப் பிளாசா, 2021 பிப்ரவரில வெடி வச்சு தள்ளினாங்க, சில நொடிதான். கூட வேலை பாக்கற ஒரு அம்மா அங்க பல வருஷம் இருந்தவங்க, அந்த வீடியோவ எல்லாரும் கை தட்டி பாத்துட்டிருக்க இவங்க மட்டும் பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க.

சரி, மணி 4 ஆச்சு, தூக்கம் வருது. ஊருக்கு வர்றவர் ஒருத்தர்கிட்ட சால்ட்வாட்டர் டாஃபி ஒரு பெட்டி குடுத்து விட்டுருக்கேன். பேருல உப்புத்தண்ணி இருக்கே தவிர கடல் தண்ணி எல்லாம் கிடையாது, சவ்வு மிட்டாய் மாதிரி, இங்க வந்தவன் இது வாங்காம போகமாட்டான். அம்மா பல்செட்ட கழட்டி வச்சுட்டு சாப்பிடட்டும், ஒட்டிக்கும். அவர் திரும்பி வர்றப்ப மக்ரூன் கால் கிலோ குடுத்து விடு. வழியில நொறுங்கிரும்னு பாக்காத, தூளா வந்தாலும் ஸ்பூன் போட்டு சாப்பிட்டுக்கறேன்.

உன் தம்பி