முகத்தில் விழுகிற வெளிச்சம்

பாம்பன்
டிசம்பர் 21

அன்புள்ள காதர்,

இங்கு எல்லோரும் நலம். உம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோவைக் குளிர் அவர்களுக்கு ஆகாது என்று நான் அப்போதே சொன்னேன். என் பேச்சை நீ என்றைக்குக் கேட்டிருக்கிறாய்? சின்னவளின் நிச்சயத்துக்கு நான் வராதது உனக்கு வருத்தம்தான், தெரியும். அந்த வாரம் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பழுதாகி, கடலுக்குப் போக வேண்டிய படகுகள் ஐஸுக்காகக் காத்துக் கிடந்தன. அந்த நேரத்தில் கணக்குப்பிள்ளை ஊரைவிட்டு நகர முடியுமா? அதனால்தான் தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று பத்தை மருமகனிடம் கொடுத்தனுப்பினேன். அது வேர் பிடித்ததா, பட்டுப்போனதா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ என்னைப் பார்த்து, கடிதம் எழுதாதவன் என்று கோபித்துக்கொள்கிறாய்!

போகட்டும். எழுத வந்த விஷயம் வேறு.

நேற்றோடு 300 படங்கள் ஆகிவிட்டன. பிப்ரவரி 24-ஆம் தேதி மகள் தன்னுடைய பழைய கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று மாலை ரயில் பாலத்தை ஒரு படம் எடுத்தேன். 1914-இல் பழைய பாலம் திறக்கப்பட்டதும் ஒரு பிப்ரவரி 24 அன்றுதான் என்று இரவில் மருமகன் சொன்னார். அந்தப் பொருத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் ஒரு படம், அதற்கு மறுநாள் ஒரு படம் என்று தொடர்ந்து, இப்போது பல் துலக்குவதுபோல் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரே படம். சரியாக விழாவிட்டாலும் இரண்டாவது எடுப்பதில்லை. காய்ச்சலில் படுத்திருந்த நாளில் ஜன்னல் வழியே தெரிந்த முருங்கைக் கிளையை எடுத்தேன். விட்டுப்போன நாள் ஒன்றுகூட இல்லை.

இந்தப் பத்து மாதத்தில் நான் கற்றுக்கொண்டதைக் கேள். மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, துறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே காட்சி: கட்டிக்கிடக்கும் படகுகள். முதல் வாரத்திலேயே எனக்கு அலுத்துவிட்டது. என்ன எடுப்பது? வேறு வழியில்லாமல் கிட்டே போனேன். பலகை இடுக்கில் பஞ்சை அடைத்துத் தட்டும் ஆசாரியின் சுத்தியல், பெயிண்ட் டப்பாவில் படிந்திருந்த ஏழு வண்ணங்கள், படகின் அடிவயிற்றில் அப்பியிருந்த சிப்பி எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டன. அதற்குள் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பி, தெற்கே ஆண்கடல் பொங்கியது. இப்போது வாடை வந்து வடக்கே பெண்கடல் பொங்குகிறது, தெற்குவாடிப் பக்கம் குளம்போலக் கிடக்கிறது. இதெல்லாம் நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் நாள்தோறும் ஒரு படமாக அடுக்கிப் பார்க்கும்போது, ஒரு கடல் அடங்க அடங்க இன்னொரு கடல் எழுவது கண்முன் நிற்கிறது.

சூரியனைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீ பூகோளத்தில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவன். கம்பெனி மொட்டைமாடியில் ஒரே இடத்தில் நின்று, ஆனியில் எடுத்த சூரியோதயத்தையும் இந்த வாரம் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போது தண்ணீர்த் தொட்டிக்கு இடப்புறம் வெகுதூரத்தில் எழுந்த சூரியன் இப்போது தென்னைகளையும் தாண்டி வலக்கோடியில் நிற்கிறது. கணக்குப் போட்டேன். நம் ஊரில் ஆனிக்கும் மார்கழிக்கும் நடுவே அது உதிக்கிற இடம் சுமார் 47 பாகை நகர்கிறது. கையை நீட்டிச் சாண் விரித்தால் 20 பாகைக்குச் சற்று அதிகமாக வரும். அப்படியானால் வானத்தில் ஏறத்தாழ இரண்டு சாண்! இன்றோ நாளையோ அது தெற்கு எல்லையைத் தொட்டுத் திரும்பிவிடும். உனக்கு இதையெல்லாம் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? வீட்டில் சொன்னால், 'சூரியன் திரும்புவது இருக்கட்டும், ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பி வாருங்கள்' என்கிறாள் உன் தங்கச்சி.

துறையில் என்னை முதலில் யாரும் நம்பவில்லை என்பது வேறு கதை. ஏலக்காரர் ஒருவர், நான் விலையைப் படம்பிடித்து வெளியூர் வியாபாரிக்கு அனுப்புவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கூடையைத் தூக்கி மறைத்தார்கள். கழிவுமீனான சங்காயக் குவியலை எடுத்தால்கூட, 'யாரிடம் காட்டப்போகிறாய்?' என்று கேட்டார்கள். இருபத்தாறு வருடமாக அவர்களுக்கு ஐஸ் கணக்கு எழுதுகிறவன் நான்! இரண்டு மாதம் போன பிறகுதான் எல்லோருக்கும் பழகியது.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இன்று உட்கார்ந்தேன்.

ஐப்பசி பிறந்த வாரம். வடக்குக் கடற்கரையில் நங்கூரம் போட்டிருந்த நாட்டுப்படகுகளில் ஒன்று இரவில் வந்த சூறைக்காற்றில் கயிறு அறுந்து, கல்லில் மோதி இரண்டாகப் பிளந்துவிட்டது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. தெற்கே கொண்டுபோய்க் கட்ட வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். யாருடைய படகு என்று கேட்காதே. நம் தெருவின் கடைசி வீடு. பலாக்கொட்டை சுட்டுத் தின்று நாம் மாட்டிக்கொண்டோமே, அந்த வீட்டு மருமகள்தான் மறுநாள் என்னிடம் வந்து நின்றாள். நிவாரணத்துக்கு மனுக் கொடுக்கப் பதிவு எண் தெரிகிற மாதிரி படகின் படம் வேண்டுமாம். அவர்கள் வைத்திருந்த கைபேசி படகோடு போய்விட்டது. 'அண்ணே, நீங்கள்தான் தினமும் துறையில் படம் எடுக்கிறீர்களே, எங்கள் படகு ஒன்றிலாவது இருக்குமே' என்றாள்.

இருக்கும் என்று எவ்வளவு நம்பிக்கையோடு உட்கார்ந்தேன் தெரியுமா! அப்போது 240 படங்கள். அவள் பக்கத்தில் நிற்க, ஒன்றொன்றாகத் தள்ளினேன். அந்தப் படகு 31 படங்களில் இருந்தது. எல்லாவற்றிலும் கறுப்பாக இருந்தது. விடிகாலையில் சூரியனுக்கு எதிரே கைபேசியைப் பிடித்தால், அது வானத்தின் வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நடுவில் இருக்கிற படகும் ஆளும் மை பூசினதுபோல் ஆகிவிடுவார்கள். அந்தக் கறுப்பு உருவமும் பின்னால் பொன்னிற வானமும் பார்க்க நன்றாக இருந்தன. மகள் பாராட்டினாள், நானும் அதையே தேடித் தேடி எடுத்தேன். எண் இருக்கிற முன்பகுதி ஒரே ஒரு படத்தில் கொஞ்சம் வெளிச்சத்தில் இருந்தது. அதிலும் படத்தின் விளிம்பு எண்ணைப் பாதியில் வெட்டியிருந்தது. சூரியன் நடுவில் வர வேண்டும் என்று நான்தான் வெட்டியிருந்தேன்.

அவள் கோபப்படவில்லை. 'படம் அழகாக இருக்கிறது அண்ணே. ஆனால் யாருடைய படகு என்று தெரியவில்லையே' என்றாள்.

காதர், அந்த வார்த்தையை இரண்டு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அன்று அவள் போன பிறகு எல்லாப் படங்களையும் முதலிலிருந்து பார்த்தேன். 240 நாட்கள், பாம்பன் துறை, எத்தனை நூறு ஆட்கள்! முகம் தெரிகிற ஆட்கள் ஒன்பது பேர். ஒன்பது! வலை இழுக்கிறவன், கூடை தூக்குகிறவள், ஐஸ் உடைக்கிற பையன், எல்லோரும் வெறும் நிழல். எனக்குப் பெயர் தெரிந்தவர்கள், வீட்டுக்குள் போய்ச் சோறு தின்றிருக்கிற வீட்டுக்காரர்கள். அவர்களைச் சூரியனுக்கு முன்னால் நிற்கிற பொம்மைகளாக்கி வைத்திருந்தேன்.

இன்னும் ஒன்று. அவள் போவதற்கு முன் ஒரு படத்தைக் காட்டி, இதை ஒரு பிரதி போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். அதுவும் கறுப்புப் படம்தான். பின்புறத்தில் சுக்கானைப் பிடித்தபடி ஓர் ஆள். 'இது அவர்தான், நிற்கிற நிற்பிலேயே தெரிகிறது' என்றாள். அந்தப் படத்தை எடுத்த எனக்கு அது யாரென்று தெரிந்திருக்கவில்லை.

மகள் முன்பு ஒருவரைப் பற்றிச் சொல்லியிருந்தாள். அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர். 1979 மார்ச் 31-ஆம் தேதி, கல்லூரியில் படிக்கும்போது, போலராய்டு கேமராவில் நாளைக்கு ஒரு படம் என்று தொடங்கினார். எடுத்த சில நிமிடங்களில் கையிலேயே தெளிந்து வருமே, அந்தப் படங்கள். என்னுடைய 'ஒரே படம்' என்ற விதி அவரிடமிருந்து எடுத்ததுதான். 1997 அக்டோபர் 25 வரை எடுத்தார். அன்று அவருக்கு 41 வயது நிறைந்தது, அன்றே புற்றுநோயில் இறந்துபோனார். பதினெட்டு வருடத்துக்கும் மேல், 6,000-க்கும் அதிகமான படங்கள். நண்பர்கள் அவற்றை வரிசைப்படுத்தி, 2007-இல் அவர் படித்த பார்ட் கல்லூரியிலேயே கண்காட்சி வைத்தார்கள். முதலில் அவற்றைப் பார்த்தபோது, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசை, சோபாவில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள், கடைசியில் ஆஸ்பத்திரி. படகு உடைந்த அந்த வாரம் மறுபடி பார்த்தேன். எல்லாம் முகங்கள். யார் யாரோடு உட்கார்ந்திருந்தார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்று தெரிகிறது. மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை டிசம்பர் 22. புயலில் தனுஷ்கோடி அழிந்துபோன இரவு. 1964-இல் பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் ரயில் ஒருவரும் மிஞ்சாமல் கடலோடு போனதை உன் உம்மா சொல்லிச் சொல்லி நாம் பயந்து படுத்திருக்கிறோம். இன்று அங்கே போகிற ஒவ்வொருவரும் இடிந்த தேவாலயத்தைப் படமெடுக்கிறார்கள். அந்தச் சுவர் எத்தனை ஆயிரம் கைபேசிகளில் இருக்கும்! என் அப்பாவின் மூத்த அக்கா அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. என்னைப்போல மூக்கு என்று அப்பா சொல்வார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன ரமலானில் நீ தொலைபேசியில் கேட்டது நினைவிருக்கிறதா? உன் வாப்பாவின் டீக்கடையைப் படமெடுத்தவர்கள் யாராவது ஊரில் இருப்பார்களா என்று. நான் விசாரித்தேன் காதர், சொல்லத் தைரியம் வராமல்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். ஒருவரிடமும் இல்லை. பன்னிரண்டு வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். பாலம் திறக்கும்போதெல்லாம் நீ கப்பலை எண்ணுவாய், நான் உன்னைத் திருத்துவேன், 'மணிக்கூண்டு' என்று நாம் பட்டப்பெயர் வைத்திருந்தவன் நம் இருவர் தலையிலும் குட்டுவான். வாப்பா டீயை ஆற்றும்போது வலது தோளை மட்டும் உயர்த்துவார்கள். அது எனக்குக் கண்ணை மூடினால் தெரிகிறது. உன் மகள்களுக்கு எப்படிக் காட்டுவது? அடையாள அட்டையில் இருக்கிற அந்தக் கண்ணாடி மின்னுகிற படம் வாப்பாவே இல்லை.

அதனால் நான் மாறிவிட்டேன். இப்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். வெளிச்சம் எதிரே இருப்பவரின் முகத்தில் விழுகிறது. விடிந்து கொஞ்ச நேரத்துக்கு அது கண்ணைக் கூச வைக்காமல் மெதுவாக விழும், அதற்குள் எடுத்துவிட வேண்டும். நிழலில் இருப்பவராக இருந்தால், திரையில் முகம் இருக்கிற இடத்தை விரலால் தொட்டால் போதும், கைபேசி முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். வானம் வெளுத்துப்போனால் போகட்டும். உப்புக் காற்றில் கேமராக் கண்ணாடி அடிக்கடி மங்குகிறது. வெறும் துணியால் துடைத்தால் உப்பு கீறிவிடும், முதலில் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. முக்கியமாக, முதலில் கேட்கிறேன். எடுக்கலாமா அக்கா, எடுக்கலாமா தம்பி? வேண்டாம் என்கிறவர்களும் உண்டு, அன்றைக்கு வேறு முகம். எடுத்ததை அன்றிரவே மகளின் கணினியிலும் ஒரு பிரதி போட்டு வைக்கிறேன், யார், எந்தப் படகு என்று ஒரு நோட்டில் எழுதுகிறேன். அறுபது முகங்களுக்கு அறுபது வரி. பழைய படங்களைப்போல இவை அழகாக இல்லை என்று மகள் சொல்கிறாள். அவள் சொல்வது ஒருவிதத்தில் சரி. ஆனாலும் நான் மாற்றப்போவதில்லை.

அந்த மனு இன்னும் முடிவாகவில்லை. பதிவுப் புத்தகத்தின் நகல் இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். அவள் வீட்டுக்காரர் இப்போது வேறொரு படகில் கூலிக்குப் போகிறார். புதிய படகு வந்தால் முதல் படம் நான்தான் எடுப்பேன், எண் தெரிய, அவர் தெரிய, அவளும் தெரிய. சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. உம்மாவை நாளைக்கே ஒரு படம் எடு. அலங்காரம் வேண்டாம், ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி. மறுநாளும் எடு. வெற்றிலை இடிக்கும்போது எடு, உன்னைத் திட்டும்போது எடு, அதற்கு உனக்கு வாய்ப்புக்குப் பஞ்சமிராது. பொங்கல் விடுமுறைக்கு நீங்கள் எல்லோரும் வர வேண்டும். வரும்போது கடை இருந்த இடத்தில் உன்னை நிற்க வைத்து, தோளை உயர்த்தச் சொல்லப்போகிறேன். உனக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது, உனக்குத் தெரியாது.

இன்று காலை 301-ஆவது. ஐஸ் உடைக்கிற பையன். எடுக்கலாமா என்று கேட்டதும், ஓடிப்போய்க் குழாயில் முகம் கழுவி, தலையைக் கையால் வாரிக்கொண்டு வந்து நின்றான். புருவத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பிரதி போட்டு அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றான். மத்தியானம் ராமநாதபுரம் போகிறேன், ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தையும் அங்கேயே தபாலில் சேர்க்கிறேன்.

நாற்றைப் பற்றி எழுது.

அன்புடன்,
சேவியர்